விளக்கறியும் வேளை

விளக்கேற்றுவதைத் தமிழர் இல்லங்களில் யாரும் ஒரு வேலையாக எண்ணுவதில்லை. அது ஒரு வேளை. "விளக்கு வைக்கிற நேரம்" என்று சொன்னால் கடிகாரம் பாராமலே அனைவர்க்கும் விளங்கிவிடும். அந்நேரத்தில் உறங்கலாகாது, தலைவாரலாகாது, வாசலை அடைத்து வைக்கலாகாது என்று நம் பாட்டிமார் வகுத்த சட்டங்கள் பல. பிழைப்பை நாடியும் பணிமாற்றம் பெற்றும் சித்தூருக்கும் திருப்பதிக்கும் வந்து சேர்ந்த குடும்பங்களில், பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படித்து வந்தாலும், இந்தத் தொடர் மட்டும் இன்னும் வழக்கொழியாமல் இருக்கிறது.

அந்த வேளையை ஓர் இயந்திரத்துக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது? வரலாறு படித்து பி.ஏ. பட்டம் பெற்று, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளுக்கிடையே காலங்கழிக்கும் என்னை இக்கேள்வி தேடி வரும் என்று நான் நினைத்ததில்லை. திருப்பதியில் மலையடிவாரத்தை அடுத்த எங்கள் குடியிருப்பில் ஒரு சிறு பூங்கா உண்டு. அதன் வாயிற்படியில் எதிர்வீட்டு அம்மையார் ஒருவர் இரவில் கால் இடறி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார். அதன் பின்னரே சங்கத்தார் விழித்துக்கொண்டு, பூங்காவுக்கு ஒழுங்கான விளக்கமைப்பு வேண்டும் என்று தீர்மானித்தனர். குறிப்பெழுதத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியால் குழுவின் செயலர் பொறுப்பு என்மீது விழுந்தது. தொழிலறிவுக்கு, இராணிப்பேட்டைத் தொழிற்சாலையொன்றில் மின்பிரிவு ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் துணைக்கு வந்தார்.

முதல் கூட்டத்திலேயே ஒருவர், "மாலை ஆறு மணிக்கு எரிய வேண்டும், காலை ஆறு மணிக்கு அணைய வேண்டும். ஒரு டைமர் வாங்கி மாட்டினால் முடிந்தது" என்றார். ஃபோர்மேன் ஐயா சிரித்துக்கொண்டே, "தம்பி, ஆறு மணின்னா எந்த மாசத்து ஆறு மணி?" என்று என்னைக் கேட்டார். அன்றிரவு நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தேன். திருப்பதியில் நவம்பர் இறுதியில் கதிரவன் ஏறக்குறைய 5.40 மணிக்கே மறைந்துவிடுகிறான். ஜூலைத் தொடக்கத்திலோ 6.45 வரை நிற்கிறான். இடைவெளி ஒரு மணி நேரத்துக்கும் மேல். இந்த வட்டாரத்தின் எல்லைகள் பலமுறை நகர்ந்திருக்கின்றன. 1911இல் சித்தூர் மாவட்டம் பிறந்தது. 1953இல் அது ஆந்திரத்தைச் சேர்ந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மாறாதது என்று நாம் எண்ணியிருக்கும் விளக்கு வைக்கும் நேரமும் ஆண்டுதோறும் ஓசையின்றி நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

சிறுவனாகச் சித்தூரில் வளர்ந்தபோது இந்தக் கவலை எவர்க்கும் இல்லை. நகராட்சி ஊழியர் ஒருவர் அந்தி வேளையில் சைக்கிளில் வருவார். தெருக்கோடிக் கம்பத்தில் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து சுவிட்சைத் தள்ளுவார். தெரு முழுதும் ஒளிரும். வானம் மூடியிருந்தால் சற்று முன்னரே வருவார். அவருடைய கண்ணே கருவி. அவருடைய மனமே கட்டுப்பாடு. இன்று அந்தக் கண்ணின் வேலையைச் செய்வது, கடைகளில் ஃபோட்டோசெல் என்று விற்கப்படும் ஒளியுணர் கருவி. ஒளி குறைந்தால் சுற்றை இணைக்கும், கூடினால் துண்டிக்கும்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. கருவியை விளக்கின் ஒளி படும் இடத்தில் பொருத்திவிட்டால், விளக்கு எரிந்ததும் பொழுது புலர்ந்துவிட்டது என்று எண்ணி அணைத்துவிடும். அணைத்ததும் இருளைக் கண்டு மீண்டும் ஏற்றும். இரவெல்லாம் கண்சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஆதலால் அதனை விளக்குகளுக்கு முதுகு காட்டி, திறந்த வானத்தை நோக்கி வைக்க வேண்டும். ஏற்றும் அளவும் அணைக்கும் அளவும் ஒன்றாக இருத்தல் கூடாது. எங்கள் பூங்காவில் 30 லக்ஸ் அளவுக்கு ஒளி குறையும்போது ஏற்றவும், 60 லக்ஸைத் தாண்டும்போது அணைக்கவும் அமைத்தோம். மேலும், எந்த மாற்றமும் ஐந்து நிமிடம் நிலைத்திருந்தால் மட்டுமே கருவி செயற்படும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றின் கருமேகம் நண்பகலில் கடந்து போகும்போது, விளக்குகள் பதறி எழுந்து அடங்காமல் இருப்பதற்கு இந்தப் பொறுமை உதவுகிறது.

அடுத்தது மின்னழுத்தம். ஈரப்புல்லில் வெறுங்காலுடன் குழந்தைகள் ஓடும் இடத்தில் 230 வோல்ட்டைத் தரையோடு கொண்டுசெல்ல ஃபோர்மேன் ஐயா ஒப்பவில்லை. காவலர் அறைச் சுவரில், மழை படாத பெட்டிக்குள், 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக இறக்கித் தரும் பவர் சப்ளையை வைத்து, அங்கிருந்து 12 வோல்ட்டையே தோட்டத்துக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. இரு பக்கச் சுருள்களும் மின்தொடர்பின்றிப் பிரிந்திருக்கும் வகையையே வாங்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். கோப்பில் எழுதும்போது எனக்கு ஓர் அலுவலக இன்பம் வாய்த்தது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் "தாழ்ந்த மின்னழுத்தம்" என்றால் 250 வோல்ட் வரை என்று பொருள்! எனவே விலைப்புள்ளி கோரும் கடிதத்தில் "தாழ்ந்த" என்ற சொல்லைத் தவிர்த்து, "12 வோல்ட்" என்று எண்ணாலேயே எழுதினேன்.

பன்னிரண்டு வோல்ட் உயிருக்குப் பாதுகாப்பு. ஆனால் கம்பிக்குச் சுமை. அதே ஆற்றலுக்கு அழுத்தம் குறையக் குறைய மின்னோட்டம் பெருகும்; கம்பியிலேயே ஒரு பகுதி வீணாகும். நடைபாதைக்கு 3 வாட் எல்.இ.டி. விளக்குகள் பன்னிரண்டு, மொத்தம் 36 வாட். 230 வோல்ட்டில் இதற்கு ஓர் ஆம்பியரின் ஆறில் ஒரு பங்குகூட வேண்டாம். 12 வோல்ட்டிலோ 3 ஆம்பியர். பாதையின் ஒரு முனையில் பெட்டியை வைத்து, 40 மீட்டர் தொலைவுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பியில், சுமையனைத்தும் மறுமுனையில் இருப்பதாகக் கணக்கிட்டால், போக வர 80 மீட்டரில் 1.8 வோல்ட் அளவு குறைந்துவிடும். கடைசி விளக்குக்குக் கிடைப்பது 10.2 வோல்ட். தடித்த கம்பி வாங்கலாம், செலவு ஏறும். ஃபோர்மேன் ஐயா வரைபடத்தை ஒருமுறை பார்த்தார். "பெட்டிய நடுவுல வைங்க தம்பி" என்றார். நடுவில் வைத்தால் இருபுறமும் தூரம் பாதி, மின்னோட்டமும் பாதி. இழப்பு நாலில் ஒரு பங்காகி 0.45 வோல்ட்டில் நிற்கிறது. அந்த நடுவிடத்தில்தான் காவலர் அறை இருந்தது. பெட்டி அங்கே போனதற்குக் காரணம் இந்தக் கணக்கே.

காவலரைப்பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பலமநேரிலிருந்து வந்தவர், அறுபதைக் கடந்தவர். பகலில் தெலுங்கும், பேச ஆளில்லாத இரவுகளில் தமக்குத் தாமே தமிழும் பேசுபவர். மாலையில் விளக்குப் போடுவதும் காலையில் அணைப்பதும் அவர் பணிகளுள் ஒன்று. தானியங்கிக் கட்டுப்பாடு வரப்போகிறது என்று கேள்வியுற்ற நாளிலிருந்து அவர் முகம் வாடியிருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. குழுவில் ஒருவர், "எல்லாம் தானாகவே நடக்கும்போது இரவுக்கு ஓர் ஆள் எதற்கு? அந்தச் சம்பளத்தில் இரண்டாண்டில் விளக்குச் செலவை எடுத்துவிடலாம்" என்று கணக்குப் போட்டிருந்தார். கணக்கில் பிழையில்லை, அதுதான் எனக்கு அச்சமூட்டியது.

இதற்கிடையே பூங்காவை எத்தனை பகுதிகளாகப் பிரிப்பது, எந்தப் பகுதி எப்போது எரிவது என்ற வினா எழுந்தது. குழுவினர் ஆளுக்கொரு கருத்துச் சொன்னோம். நாங்கள் அனைவரும் இரவு பத்து மணிக்கு மேல் உறங்குபவர்கள். பூங்காவின் இரவைப்பற்றி எங்கள் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது என்பது பேசப் பேச வெளிப்பட்டது. தெரிந்தவர் ஒருவரே. மறுநாள் மாலை அவரருகில் ஒரு நாற்காலியைப் போட்டு அமர்ந்து, தாளும் பேனாவுமாகக் கேட்டேன். அவர் தயங்கித் தயங்கித் தொடங்கினார்.

"பத்தே முக்காலுக்கு ஆஸ்பத்திரி நர்சம்மா வருவாங்க சார். தனியா வருவாங்க. வேகமா நடப்பாங்க. காட்பாடி வண்டியில வர்றவங்க ரெண்டு பேரு, வண்டி எப்ப வருதோ அப்ப. நாலரைக்குப் பால்காரரு. அஞ்சு மணிக்கு மலைக்கு நடந்து போறவங்க, கையில பிள்ளைங்களோட. அப்புறம் அந்தக் கல்மேடை... ரிட்டையர்டு வாத்தியாரு தினம் ஒம்பது மணிக்கு வந்து உக்காருவாரு. அம்மா போனதுலருந்து. அங்க லைட்டு வேணாம் சார். இருட்டுலதான் உக்காருவாரு."

ஏழு இரவுகள் இவ்வாறு எழுதினேன். எங்கள் விளக்கமைப்பின் வடிவம் அந்தக் குறிப்பேட்டிலிருந்தே பிறந்தது. முதற்பகுதி வாயிலும் படிகளும்: 3 வாட் விளக்குகள் ஆறு, அந்தி முதல் விடியல் வரை அணையா. இரண்டாம் பகுதி நடைபாதை: இரவு பத்து வரை முழு ஒளி, பின்னர் மூன்றிலொரு பங்கு, ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சார் தூண்டினால் இரண்டு நிமிடம் முழு ஒளி, நாலரை மணிக்கு மீண்டும் முழுமை. மூன்றாம் பகுதி வேம்பையும் புங்கையும் கீழிருந்து காட்டும் 6 வாட் விளக்குகள் நான்கு: சனிக்கிழமையும் விழா நாளும் மட்டும், ஏழு முதல் ஒன்பது வரை. நான்காம் பகுதி கல்மேடை: இரண்டே விளக்குகள், விரும்புவோர் பொத்தானை அழுத்தினால் எரிந்து, அரைமணியில் தானே அணையும். அழுத்தாவிட்டால் இருள். ஆக மொத்தம் 84 வாட். பவர் சப்ளையின் திறனில் எண்பது விழுக்காட்டுக்குமேல் சுமத்தலாகாது என்பது ஃபோர்மேன் ஐயாவின் விதி. ஆதலால் 105 வாட் தேவைப்பட, 150 வாட் வாங்கினோம். அந்தியை உணர்வது ஃபோட்டோசெல். அந்திக்குப் பிந்திய இரவைப் பங்கிடுவது டைமர். டைமரின் கடிகாரம் மின்வெட்டில் நின்றுவிடாமலிருக்க அதனுள் ஒரு சிறு பேட்டரி உண்டு.

மூன்றாம் பகுதியை ஏன் இவ்வளவு கட்டுப்படுத்தினோம் என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டனர். கீழ்த்திருப்பதியிலிருந்து இரவில் நோக்கினால், அலிபிரியிலிருந்து மலையேறும் 3,550 படிகளின் வழி ஒளிக்கோடாகத் தெரியும். கோட்டுக்கு இருபுறமும் கரிய காடு. 2023 ஆகஸ்டில் அந்நடைவழியில் ஆறு வயதுப் பெண்குழந்தை ஒன்றைச் சிறுத்தை கொண்டுபோன செய்தி நம் அனைவர் நெஞ்சையும் உலுக்கியது. பின்னர்ச் சிறுவர்கள் பிற்பகலுக்குமேல் அவ்வழி செல்லக் கட்டுப்பாடு வந்தது. மனிதன் நடக்கும் தடத்துக்கு ஒளி இன்றியமையாதது என்பதை அந்த இழப்புக்குப் பின் எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் சேஷாசலக் காடு 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம். அதன் உயிர்களுக்கு இருளே வீடு. மலையடிவாரத்தில் வாழும் நாம் மரந்தோறும் விடிய விடிய ஒளியைப் பாய்ச்சினால், கூடடைந்த மைனாவுக்கும் இரவில்லை, ஆந்தைக்கும் இரவில்லை. முழுநிலவு தரையில் பொழியும் ஒளி ஒரு லக்ஸில் கால் பங்களவே. அந்த ஒளியில் நம் முன்னோர் வண்டி கட்டிப் பயணம் போனார்கள். நடப்பதற்கு வேண்டிய ஒளி சிறிது. காட்டிக்கொள்வதற்கு வேண்டிய ஒளிக்குத்தான் அளவில்லை.

இனி, வடிவமைப்பில் நான் மிகவும் மதிக்கும் பகுதிக்கு வருகிறேன். "எல்லாம் சரியா இருக்கறப்ப என்ன பண்ணும்னு எழுதிட்டீங்க. கெட்டுப்போனா என்ன பண்ணணும்?" என்று ஃபோர்மேன் ஐயா வினவினார். கட்டுப்படுத்தும் கருவி பழுதானால் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருக்க வேண்டுமா, அணைந்துவிட வேண்டுமா? விடை பகுதிக்குப் பகுதி வேறுபடுகிறது. படிகளுக்கான ரிலேயை, கருவி செயலிழந்தால் சுற்று தானே மூடி விளக்கு எரியும்படி அமைத்தார். பகலிலும் வீணாக எரியலாம், எரியட்டும். யாரும் விழமாட்டார்கள். மரங்களுக்கான ரிலேயை, கருவி செயலிழந்தால் அணைந்துவிடும்படி அமைத்தார். ஒரு விழா நாளில் மரம் ஒளிராமற் போனால் யாருக்கும் எலும்பு முறியாது. மின்வெட்டுக்கும் இதே முறை. படிகளுக்கான 18 வாட்டுக்கு மட்டும் 12 வோல்ட் பேட்டரி ஒன்றை இணைத்தோம். மூன்று மணி நேர மின்வெட்டுக்கு வேண்டுவது 54 வாட்-மணி. 20 ஆம்பியர்-மணிப் பேட்டரியில் பாதியைச் செலவிட்டாலே 120 கிடைக்கும். எது கெட்டாலும் எதைக் கைவிடக்கூடாது என்று முன்கூட்டியே முடிவுசெய்வதற்குப் பொறியியல் அறிவு மட்டும் போதாது. யார் விழுந்தால் நமக்கு வலிக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இந்தச் சிந்தனை நமக்குப் புதிதன்று. கோயில்களில் நந்தாவிளக்கு எரிக்க நம் முன்னோர் விட்ட அறக்கட்டளைகளை எண்ணிப் பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள், அல்லது நாற்பத்தெட்டுப் பசுக்கள், அல்லது பதினாறு எருமைகள் என்று கணக்கு. நாளொன்றுக்கு உழக்கு நெய். ஆட்டை ஏற்றவர் இன்னார். ஆடு மூத்தாலும் மடிந்தாலும் குட்டிகளால் எண்ணிக்கையை நிறைத்தல் வேண்டும். ஆகவே அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். அந்தச் சாசனங்களில் சுடரைப்பற்றிய பேச்சு குறைவு. நெய்யையும் ஆட்டையும் அவற்றைப் பேணும் இடையரையும்பற்றிய பேச்சே மிகுதி. திருமலையின் சுவர்களிலும் விளக்குக்கும் அமுதுபடிக்கும் விட்ட கொடைகள் பொறிக்கப்பட்டுள்ளன. 1930களில் தேவஸ்தானம் தொகுதிகளாக வெளியிட்ட அக்கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் உள்ளவை என்பதை நம் பிள்ளைகளுக்கு ஒருமுறையேனும் சொல்லி வைத்தல் நலம். விளக்கு நில்லாமல் எரிய வேண்டுமானால் அதன் பின்னே ஒரு மனிதனும் அவன் பிழைப்பும் நிலைத்திருக்க வேண்டும் என்று அக்கல்வெட்டுகள் கணக்கிட்டு வைத்தன.

இதனையே குழுவுக்கான குறிப்பில் எழுதினேன். கருவி எவற்றைச் செய்யும் என்று ஒரு பத்தி. எவற்றைச் செய்யாது என்று ஒரு பத்தி. ஃபோட்டோசெல்லின் கண்ணாடியில் படியும் தூசியை அதனால் துடைத்துக்கொள்ள இயலாது. விளக்கின்மேல் சரிந்த செம்பருத்திக் கிளையை அது அறியாது. மூட்டுகளில் நீர் புகுந்து ஒரு விளக்கு மங்குவதைச் சொல்லாது. தனியே வரும் செவிலியர்க்கு வழியில் ஒளி மட்டும் போதாது, எழுந்து நிற்கும் ஓர் ஆளும் வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. ஏழு இரவுக் குறிப்பேட்டையும் இணைப்பாக வைத்தேன். கூட்டம் நீண்டது; கருத்து வேறுபாடு இருந்தது. இறுதியில் காவலர் பணி நீடிக்கும் என்றும், சுவிட்சுப் போடும் வேலைக்கு மாற்றாக நாள்தோறும் இருமுறை விளக்குகளைச் சுற்றிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது அவர் கடமை என்றும் முடிவாயிற்று. சம்பளம் உயரவில்லை. அதற்கான முயற்சி தொடர்கிறது.

பெட்டிக் கதவின் உட்புறத்தில் நான்கு பகுதிகளின் அட்டவணையைத் தெலுங்கிலும் தமிழிலும் எழுதி ஒட்டியிருக்கிறோம். காவலருக்குத் தெலுங்கு எழுத்து வராது. அவருக்காகத்தான் தமிழ் என்றால் யாரும் முகம் சுளிக்கவில்லை. அண்மையில் என் மகள் அந்தத் தமிழ் அட்டவணையை எழுத்துக்கூட்டிப் படிப்பதைக் கண்டேன். பாடநூலில் தமிழைக் காணாத பிள்ளைக்குப் பூங்காப் பெட்டியில் அது கிடைத்திருக்கிறது.

2015ஆம் ஆண்டு தொடங்கிய தெருவிளக்குத் திட்டத்துக்குப் பின் ஊரெங்கும் எல்.இ.டி. வந்துவிட்டது. தானியங்கிக் கருவிகளும் இன்று மலிவாகக் கிடைக்கின்றன. புதுமனை கட்டும் நம் குடும்பங்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே. எத்தனை விளக்கு என்று மின்பணியாளரிடம் பேசுவதற்குமுன், ஒரு வாரம் இரவில் உங்கள் வாசலில் அமர்ந்து, யார் எப்போது வருகிறார்கள், எங்கே கால் தடுமாறுகிறது, யார் எங்கே இருளை விரும்புகிறார்கள் என்று எழுதுங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் அவரோடு சேர்ந்து எழுதுங்கள். அந்தத் தாளைக் கொடுத்தால், பகுதி பிரிப்பதும் நேரம் குறிப்பதும் நல்ல தொழிலாளிக்கு அரைநாள் வேலை.

எங்கள் பூங்காவில் இப்போது அந்தி சாய்ந்ததும் படிகள் தாமே ஒளிர்கின்றன. இடுப்பெலும்பு முறிந்த அம்மையார் கைத்தடியுடன் அவ்வழியே நடக்கத் தொடங்கியிருக்கிறார். ஒன்பது மணிக்கு வாத்தியார் வந்து கல்மேடையில் அமர்கிறார். பொத்தான் அவர் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. இதுநாள்வரை அவர் அதை அழுத்தியதாகக் காவலரின் பதிவேட்டில் குறிப்பில்லை.